வீடு இறங்கி வரட்டும்: ராமாபுரத்திலிருந்து ஒரு கொள்கைப் பிரகடனம்

வாழ்பவரால் ஏற முடியாத ஒரு படி வீட்டில் இருக்கிறது என்றால், அந்த வீட்டின் வேலை இன்னும் முடியவில்லை. மிச்சமிருக்கும் அந்த வேலையைச் செய்து முடிக்கவே இந்த இயக்கத்தைத் தொடங்குகிறோம். பெரியவர்கள் விழுந்து இடுப்பெலும்பு முறிந்த பிறகு கட்டில் தேடி, ஆள் தேடி அலைவதுதான் இன்றைய வழக்கம். முழங்கால் வலிக்கிறது என்று அவர்கள் முதல் முறை சொல்லும்போதே கொத்தனாரைக் கூப்பிட்டுவிட வேண்டும் என்கிறோம்.

இதை ராமாபுரத்திலிருந்து சொல்கிறோம். கர்நாடகத்தில், மாதேஸ்வர மலைப் பக்கத்தில், ஹனூர் வட்டத்தில் இருக்கிறது எங்கள் ஊர். கொள்ளேகால் பகுதி முழுவதும் 1956 நவம்பர் 1 வரை சென்னை மாநிலத்தின் கோயம்புத்தூர் மாவட்டத்தோடு இருந்தது. பிறகு மைசூர் மாவட்டமானது. 1997இல் சாமராஜநகர் மாவட்டமானது. இன்று எழுபது வயதைத் தாண்டிய எங்கள் ஊர்ப் பெரியவர்கள், பிறந்த வீட்டைவிட்டு நகராமலே இரண்டு மாநிலங்களையும் மூன்று மாவட்டங்களையும் பார்த்தவர்கள். தமிழும் கன்னடமும் பேசி, சோளமும் ராகியும் விளைவித்து, தாளபெட்டாவிலிருந்து கால்நடையாகவே மலையேறி மாதேஸ்வரனைக் கும்பிட்டு வந்தவர்கள். எல்லைகள் மாறியபோதும் அவர்கள் விடாத வீட்டை, வாசலில் இருக்கும் மூன்று படிக்காக இப்போது விடச் சொல்வதை நாங்கள் ஏற்கவில்லை. மகன் பெங்களூரில் இருக்கிறான், மகள் ஈரோட்டில் இருக்கிறாள், அங்கே போய் இருந்துகொள்ளலாமே என்று சொல்பவர்கள் அன்போடுதான் சொல்கிறார்கள். போக விரும்புகிறவர் போகட்டும். இங்கேயே இருக்க விரும்புகிறவருக்கு இங்கேயே இருக்க வழி செய்து தர வேண்டும்.

வாசலில் படி வந்ததற்குக் காரணம் உண்டு. மழைத் தண்ணீர் உள்ளே வரக் கூடாது, பாம்பும் பூரானும் ஏறக் கூடாது, சுவர் அடியில் ஈரம் பிடிக்கக் கூடாது என்றுதான் வீட்டை உயர்த்திக் கட்டினார்கள். தேசியக் கட்டட விதித்தொகுப்பும் தரைமட்டத்திலிருந்து குறைந்தது 450 மில்லிமீட்டர், அதாவது ஒன்றரை அடி பீட உயரம் கேட்கிறது. இதில் குறை காண ஒன்றுமில்லை. ஆனால் தெருவுக்குச் சாலை போடப் போட மட்டம் ஏறியது. புது வீடு கட்டுகிறவர்கள் இரண்டடி, மூன்றடி என்று பீடத்தைத் தூக்கினார்கள். முன்னால் மனையிடம் போதாததால் அந்த மூன்றடியையும் செங்குத்தாக நான்கே படியில் ஏற்றினார்கள். கட்டியவருக்கு அப்போது வயது முப்பத்தைந்து. வெறுங்கையோடு ஒரே மூச்சில் ஏறிப் பழகியவர், கைப்பிடி எதற்கு என்றுதான் நினைத்திருப்பார்.

மாடி வீடுகளில் நிலைமை இன்னும் கடுமை. ஓய்வு பெற்ற பணத்தைக் கொண்டு மேலே ஒரு மாடி எடுத்து, கீழ்வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, சொந்தக்காரர்கள் மேலே குடியேறும் வழக்கம் மைசூரிலும் உண்டு, சேலத்திலும் உண்டு, சென்னையிலும் உண்டு. கீழ்வீட்டுக்கு வாடகை கூடுதல். அந்த வாடகைதான் அவர்களுடைய மருந்துச் செலவு. மாடிக்குப் போகும் படிக்கட்டோ வீட்டுக்கு வெளியே, மழையில் நனைந்தபடி, இரண்டரை அடி அகலத்தில், திருப்பத்தில் முக்கோணப் படிகளோடு இருக்கிறது. அறுபது வயதில் எடுத்த முடிவு எழுபத்தைந்து வயதில் சிறையாகிறது. கணவன் மனைவி இருவரில் ஒருவர் நடமாட முடியாதபோது மற்றவரும் மேலேயே அடைந்துபோகிறார். கீழே குடியிருக்கும் குடும்பத்தை மேலே போகச் சொன்னால் வாடகை குறையும். சொல்லாவிட்டால் இவர்கள் தெருவைப் பார்ப்பதே மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவருக்கு மேலிருந்துதான். வீடு கட்டப் போகிற, மாடி எடுக்கப் போகிற ஒவ்வொருவரையும் கேட்டுக்கொள்கிறோம்: கீழ்த்தளத்தில் ஒரு படுக்கையறையும் ஒரு கழிப்பறையும் உங்களுக்கென்று இருக்கட்டும். அதை மட்டும் வாடகைக்கு விடாதீர்கள்.

படி ஏற முடியாதவருடைய உலகம் ஒரே நாளில் சுருங்குவதில்லை. முதலில் கோயில் நிற்கிறது. அடுத்து கல்யாணம், காதுகுத்து. பிறகு ரேஷன் கடை. கைரேகை வைக்க நேரில் வரச் சொல்கிறார்கள், போக முடிவதில்லை. மருத்துவரிடம் போவதைத் தள்ளிப்போடுகிறார்கள். கடைசியில் வீட்டுக்குள்ளேயே நடை குறைகிறது. கழிப்பறை வெளியே இருந்தால், அங்கே போகும் தடவையைக் குறைப்பதற்காகத் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்ளும் பாட்டிகள் எத்தனை பேர் என்று நம் வீடுகளிலேயே கேட்டுப் பார்க்கலாம். தண்ணீர் குறைந்தால் சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், தலைச்சுற்றல். தலை சுற்றினால் விழுவார்கள். உலகம் முழுவதும் விழுந்து இறப்பவர்கள் ஆண்டுக்கு சுமார் 6,84,000 பேர் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. அவர்களில் பெரும்பங்கு அறுபது வயதைத் தாண்டியவர்கள். விழுந்து பிழைத்தவர்களும் அந்தப் பயத்தோடு வாழ்கிறார்கள். பயத்தில் நடக்காமல் இருப்பதால் தொடைத் தசை மெலிகிறது, மெலிந்த காலோடு மறுபடியும் விழுகிறார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் அறுபது வயதைக் கடந்தவர்கள் 10.38 கோடி. அவர்களில் பெரும்பாலோர் கிராமத்து வீடுகளில் இருப்பவர்கள்.

எங்கள் வேலைக்கு அடிப்படையாக ஒன்றை வைத்துக்கொள்கிறோம். யாருக்காக வீட்டைத் திருத்துகிறோமோ அவரிடம் முதலில் கேட்க வேண்டும். மகனிடமோ மருமகளிடமோ கேட்டுவிட்டு வேலையைத் தொடங்கக் கூடாது. எந்த இடத்தில் கால் தடுமாறுகிறது, எந்தக் கையால் பிடிப்பார், இரவில் எத்தனை முறை எழுந்திருக்கிறார், எங்கே உட்கார்ந்தால் தெரு தெரியும் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். "அம்மா, நீங்க நடந்து காட்டுங்க" என்று கேட்டு, அவர் கூடவே நடந்து, அவர் கை தானாகப் போய்ச் சுவரைத் தொடும் இடத்தில் சாக்பீஸால் கோடு போட வேண்டும். கைப்பிடி வர வேண்டிய இடம் அதுதான். பெண்களிடம் இன்னும் கவனமாகக் கேட்க வேண்டும். "எனக்கு எதுக்குப்பா செலவு" என்று முதல் வாய்ச்சொல்லிலேயே தள்ளிவிடுவார்கள். அதைப் பதிலாக எடுத்துக்கொண்டு திரும்பி வரக் கூடாது.

இனி வேலையைப் பற்றி. எல்லாவற்றிலும் முதல் வேலை கைப்பிடி. அதுவும் இரண்டு பக்கமும். பக்கவாதம் வந்து இடது கை பலமிழந்தவர் ஏறும்போது வலப்பக்கக் கைப்பிடியைப் பிடித்து ஏறிவிடுவார். இறங்கும்போது அதே கைப்பிடி அவருடைய பலமில்லாத கைப்பக்கம் இருக்கும். ஒரு பக்கம் மட்டும் கைப்பிடி வைத்த படிக்கட்டு அவருக்குப் பாதிப் படிக்கட்டுதான். மத்திய அரசு 2021இல் வெளியிட்ட அணுகல் நெறிமுறைகளில் இதற்கு அளவு இருக்கிறது: குழாயின் விட்டம் 38 முதல் 45 மில்லிமீட்டர், சுவருக்கும் குழாய்க்கும் நடுவே 50 மில்லிமீட்டர் இடைவெளி, முதல் படிக்கு முன்னும் கடைசிப் படிக்குப் பின்னும் ஓரடி நீட்டம். அந்த ஓரடி நீட்டத்தை வீணென்று நினைத்து வெல்டர்கள் வெட்டிவிடுகிறார்கள். தரைக்கு வந்துவிட்டோமா இல்லையா என்று கால் தேடும் அந்த ஒரு கணத்தில்தான் பலர் விழுகிறார்கள். கை பிடித்திருக்க வேண்டிய இடம் அது. கடைகளில் விற்கும் அகன்ற சதுரக் குழாய்கள் பார்க்க அழகாக இருக்கும். வாதம் வந்த விரல்களால் சுற்றிப் பிடிக்க முடியாது. உருண்டைக் குழாய்தான் வேண்டும்.

கைப்பிடியை எதில் மாட்டுகிறோம் என்பது அதைவிட முக்கியம். ஒன்பது இன்ச் செங்கல் சுவர் தாங்கும். ஹாலோ பிளாக் சுவரில் சாதாரண பிளாஸ்டிக் பிளக் அடித்து மாட்டினால், ஒரு முழு ஆளின் எடை தொங்கும் அன்று கைப்பிடியோடு சேர்ந்து அவரும் வருவார். அப்படிப்பட்ட சுவரில் கெமிக்கல் ஆங்கர் போட வேண்டும், அல்லது தரையிலிருந்து தனித் தூண் நட்டு அதில் பற்றவைக்க வேண்டும். மண் சுவர் வீடுகளுக்கும் இந்தத் தூண்தான் வழி. மாட்டியதும் இரண்டு ஆண்கள் அதில் முழு எடையோடு தொங்கிப் பார்க்காமல் வேலை முடிந்தது என்று சொல்லக் கூடாது.

அடுத்தது படியின் உயரம். கட்டட விதித்தொகுப்பு குடியிருப்புகளுக்கு ஒரு படி 190 மில்லிமீட்டர் வரை, அதாவது ஏழரை இன்ச் வரை உயரலாம் என்கிறது. தேய்ந்த மூட்டுக்கு இது அதிகம். ஆறு இன்சுக்கு மேல் போகாத உயரமும், முழுப் பாதமும் பதியும்படி ஓரடி அகலமும் வேண்டும். ஆனால் உயரத்தைவிட ஆபத்தானது ஒழுங்கின்மை. கொத்தனார் எல்லாப் படியையும் ஒரே அளவில்தான் கட்டுகிறார். பிறகு டைல்ஸ்காரர் வந்து மேல்தளத்தில் கலவையும் டைல்ஸுமாக இரண்டு இன்ச் ஏற்றிவிடுகிறார். கடைசிப் படி மட்டும் மற்றவற்றிலிருந்து மாறுபடுகிறது. நம் கால் முதல் இரண்டு படிகளில் அளவைக் கற்றுக்கொண்டு மீதியைப் பார்க்காமலே ஏறும் பழக்கம் உடையது. மாறுபட்ட அந்த ஒற்றைப் படி காலை ஏமாற்றிவிடுகிறது. இளையவர் தடுமாறிச் சமாளிப்பார். எண்பது வயதில் சமாளிக்க நேரம் இருக்காது. பழைய படிகளை இடிக்க வேண்டியதில்லை. முன்னால் இடமிருந்தால் ஒவ்வொரு படிக்கும் நடுவே அரைப்படி கட்டிச் சேர்க்கலாம். ஒவ்வொரு படியின் முனையிலும் இரண்டு இன்ச் அகலத்தில் மஞ்சள் பெயின்ட் பட்டை அடிப்பது ஒரு காலை நேர வேலை. கண்புரை உள்ளவருக்குப் படி எங்கே முடிகிறது என்பதை அதுதான் காட்டும். மேலும் கீழுமாக டூ-வே சுவிட்ச் வைத்த ஒரு விளக்கும் வேண்டும். பளபளப்பான கிரானைட் போட்டிருந்தால் ஒட்டுப் பட்டையோ கோடு வெட்டுவதோ கட்டாயம்.

சாய்தளம் பற்றி நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஒன்றுக்குப் பன்னிரண்டு என்பது விதி. ஒன்றரை அடி உயர வாசலுக்குப் பதினெட்டு அடி நீளச் சாய்தளம் வேண்டும். எங்கள் ஊரில் பல வீடுகளுக்கு முன்னால் ஆறடிகூட இல்லை. ஆறடிக்குள் ஒன்றரை அடி ஏற்றிக் கட்டினால் அது சறுக்குமரம். மழை பெய்தால் சக்கர நாற்காலியைத் தள்ளுபவரும் சேர்ந்தே சறுக்குவார். இடமில்லாத வீட்டில் பக்கவாட்டில் சுவரை ஒட்டித் திருப்பிக் கொண்டுவரலாம், அல்லது பின்வாசல் தாழ்வாக இருந்தால் அதையே தலைவாசலாக்கிக்கொள்ளலாம். மூட்டுவலிக்காரர் பலருக்குச் சாய்தளத்தைவிடத் தாழ்வான படியும் கைப்பிடியுமே வசதி. சாய்தளம் கட்டிப் படம் எடுத்துக்கொண்டு போகும் இயக்கமாக இது இருக்காது.

கழிப்பறைக்கு வருவோம். 2014இல் தூய்மை இந்தியா திட்டம் வந்த பிறகு, 12,000 ரூபாய் ஊக்கத்தொகையில் கிராமமெங்கும் கழிப்பறைகள் எழுந்தன. அது பெரிய காரியம்; நன்றியோடுதான் சொல்கிறோம். ஆனால் குழிக்குச் சரிவு கிடைக்க வேண்டும் என்று பலவற்றைத் தரையிலிருந்து இரண்டு படி உயர்த்தி, உள்ளே குத்துக்காலிடும் பீங்கானைப் பதித்தார்கள். நம் பாட்டிகளுக்கு அந்த இரண்டு படியும் அந்தக் குத்துக்காலும் வீட்டு வாசலைவிடப் பெரிய தடை. பீங்கானை மாற்ற முடிந்தால் மாற்றுவோம். முடியாவிட்டால் அதன் மேல் வைக்கும் கமோடு நாற்காலி, பக்கத்தில் ஒரு பிடிகம்பி, படிக்குக் கைப்பிடி. கதவைக் கட்டாயம் வெளிப்பக்கம் திறக்கும்படி திருப்பிப் போடுவோம். உள்ளே விழுந்தவர் கதவை அடைத்துக்கொண்டு கிடந்தால், உள்பக்கம் திறக்கும் கதவை எவராலும் தள்ளித் திறக்க முடியாது.

இதெல்லாம் குடும்பத்தின் சொந்தச் செலவு என்று உலகம் எல்லா இடத்திலும் விட்டுவிடவில்லை. ஜப்பானில் 2000இல் தொடங்கிய நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீடு, வீட்டில் கைப்பிடி வைக்கவும் படி உயரத்தைச் சமன் செய்யவும் கழிப்பறையை மாற்றவும் இரண்டு லட்சம் யென் வரையிலான செலவுக்கு உதவுகிறது; பயனாளி தருவது அதில் சிறு பங்கு. சிங்கப்பூரில் அரசு கட்டிய அடுக்குமாடிகள் பலவற்றில் லிப்ட் ஒருசில தளங்களில் மட்டும் நின்றது. எல்லாத் தளத்திலும் நிற்க வைப்பதற்கென்றே 2001இல் ஒரு திட்டம் தொடங்கினார்கள். 2012 முதல் முதியோர் வாழும் வீடுகளில் பிடிகம்பியும் வழுக்காத தரையும் அரசின் பெரும் மானியத்தில் செய்து தருகிறார்கள். அங்கே அந்த வசதியை அனுபவிப்பவர்களில் நம் உறவுக்காரர்களும் இருக்கிறார்கள். ஸ்பெயின் நாட்டுச் சட்டத்தில் எங்களை மிகவும் ஈர்த்த ஒரு விதி உண்டு: அடுக்குமாடியில் எழுபது வயதைத் தாண்டியவரோ மாற்றுத்திறனாளியோ இருந்து, அணுகல் வசதி கேட்டால், ஆண்டுச் செலவு பன்னிரண்டு மாதப் பராமரிப்புத் தொகைக்குள் இருக்கும்வரை மற்ற வீட்டுக்காரர்கள் மறுக்க முடியாது. லிப்ட் இல்லாத மூன்று மாடிக் குடியிருப்பில், கீழ்வீட்டுக்காரர் ஒருவரின் மறுப்பால் மேல்வீட்டுப் பெரியவர் அடைந்து கிடக்கும் ஊர்களுக்கெல்லாம் இந்த விதி தேவை.

நம் நாட்டில் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் வந்தது. அணுகல் விதிகளைப் பரிந்துரையாக விட்டுவிடாமல் கட்டாயமாக்க வேண்டும் என்று, ராஜீவ் ரத்தூரி வழக்கில் 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. பொதுக் கட்டடங்களைப் பற்றிய அந்தப் போராட்டத்துக்கு நாங்கள் தலைவணங்குகிறோம். ஆனால் ஒரு முதியவர் நாளில் பெரும்பகுதியைக் கழிப்பது தன் வீட்டில். அங்கேதான் விழுகிறார். ஆகவே அரசுகளிடம் கேட்கிறோம். அரசு உதவியில் எழும் ஒவ்வொரு கிராமத்து வீட்டிலும் தாழ்வான படியும் கைப்பிடியும் கட்டட வரைபடத்திலேயே இருக்க வேண்டும். 1,20,000 ரூபாய் உதவியில் 25 சதுர மீட்டர் வீடு கட்டுபவர் பிறகு மறுபடியும் செலவு செய்ய முடியாது. நகர்ப்புற வீட்டு வசதித் திட்டத்தின் வழிகாட்டுதல்களே முதியவருக்கும் மாற்றுத்திறனாளிக்கும் கீழ்த்தளத்தில் முன்னுரிமை தரச் சொல்கின்றன. அதை வீடு ஒதுக்கும் குலுக்கல் நடக்கும் இடத்தில் நடைமுறைப்படுத்த வேண்டும். சந்தியா சுரக்ஷா முதியோர் ஓய்வூதியமாக மாதம் 1,200 ரூபாய் வாங்கி வாழ்பவரின் வீட்டைத் திருத்தும் செலவைப் பஞ்சாயத்து ஏற்க வேண்டும். அதற்கு 40 சதவீத ஊனச் சான்றிதழ் கேட்கக் கூடாது. வயதும், ஏற முடியவில்லை என்ற அவருடைய சொல்லும் போதும். எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டில், 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறைச் சிகிச்சையாளர் வீட்டுக்கே வருகிறார். வரும்போது வாசல் படியையும் ஒருமுறை பார்த்து எழுதிக்கொண்டு போகச் சொன்னால் கூடுதலாக ஐந்து நிமிடம் ஆகும்.

அரசு செய்யும்வரை நாங்கள் காத்திருக்கப் போவதில்லை. ராமாபுரத்திலும் சுற்றுப்பட்ட ஊர்களிலும் இருக்கும் கொத்தனார்கள், சித்தாள்கள், வெல்டர்கள், எலக்ட்ரீஷியன்கள்தான் இந்த இயக்கத்தின் முதல் உறுப்பினர்கள். அளவுகளைத் தமிழிலும் கன்னடத்திலும் ஒரே தாளில் அச்சிட்டு ஒவ்வொரு பட்டறையிலும் ஒட்டுவோம். சித்தாள் வேலை செய்யும் பெண்களுக்கு அளவெடுக்கவும் துளையிடவும் கற்றுக்கொடுப்போம். குளியலறைக்குள் எது சிரமம் என்பதை ஒரு பாட்டி ஆண் கொத்தனாரிடம் சொல்ல மாட்டார், அவர்களிடம் சொல்வார். கூலியைக் குறைத்துச் சேவை செய்யச் சொல்ல மாட்டோம், முழுக் கூலி கொடுப்போம். முடிந்த குடும்பம் பொருளுக்கான பணம் தரட்டும். முடியாத குடும்பத்துக்கு ஊரார் சேர்ந்து தருவோம். சாதி பார்த்துத் தெருவைத் தேர்ந்தெடுக்க மாட்டோம். காலனி வீடுகளுக்கும் மலையிலுள்ள சோலிகர் பழங்குடிக் குடியிருப்புகளுக்கும் போகாமல் ஊர் முடிந்தது என்று எழுத மாட்டோம். வாடகை வீட்டில் இருக்கும் பெரியவர் என்றால், வீட்டுக்காரரிடம் நாங்களே போய்ப் பேசுவோம். கைப்பிடி வைத்ததற்காகக் காலி செய்யச் சொல்லும் நிலை வரக் கூடாது.

வேலை முடிந்த வீட்டுக்கு ஆறு மாதம் கழித்து மறுபடியும் போவோம். போல்ட் தளர்ந்திருக்கிறதா, குழாய் துருப்பிடித்திருக்கிறதா, அவர் அந்தக் கைப்பிடியைப் பிடிக்கிறாரா அல்லது அதில் துணி காயப்போட்டிருக்கிறாரா என்று பார்ப்போம். பிடிக்கவில்லை என்றால் நாம் இடத்தைத் தவறாகத் தேர்ந்திருக்கிறோம். கழற்றிச் சரியான இடத்தில் மாட்டுவோம்.

சேர விரும்புகிறவர்கள் தங்கள் தெருவில் அறுபது வயதைக் கடந்தவர்கள் இருக்கும் வீடுகளுக்குப் போய் மூன்றை அளந்து எழுதி வரவும்: வாசல் படிகளின் எண்ணிக்கையும் ஒவ்வொன்றின் உயரமும், வாசலுக்கு முன்னால் இருக்கும் இடம், கட்டிலிலிருந்து கழிப்பறை வரை உள்ள தூரம். நான்காவதாக, அந்த வீட்டுப் பெரியவர் கடைசியாகத் தெருவில் இறங்கியது எப்போது என்று அவரிடமே கேட்டு எழுதவும். தனியாக வாழும் பெண்களின் வீடுகளிலிருந்து வேலையைத் தொடங்குகிறோம்.